பதில்: அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு ஆறு வயது, சூரிச்சிலிருந்து ஆற்றோர நடை எங்கே?

வணக்கம். ரைன் ஆற்றின் கிளையான 'முன் ரைன்' பாயும் ருயினௌல்டா பள்ளத்தாக்கைப் பாருங்கள். கூர் நகரில் ரயில் மாறி வலெண்டாஸ்-சகோன் நிலையத்தில் இறங்கி, ஆற்றோரமாகவே வெர்சாம்-சாஃபியன் நிலையம் வரை நடக்கலாம். தண்டவாளம் பக்கத்திலேயே வந்தாலும் இடையில் நிலையம் இல்லை; அம்மாவுக்குக் கால் வலித்தால் இந்த இரண்டில் அருகிலிருக்கும் நிலையத்துக்குப் போய் ரயில் ஏறிவிடலாம். வெர்சாமுக்கு அப்பால் அடுத்த நிலையமான ட்ரின் வரை வேண்டாம், ஏற்ற இறக்கம் அதிகம்.

ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் மலை சரிந்து ஆற்றை மறித்த இடம் இந்தப் பள்ளத்தாக்கு. நொறுங்கிய வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை இருபுறமும் செங்குத்தாக நிற்கும். வெயிலில் கண் கூசும், தொப்பி கட்டாயம். பையனுக்குக் கூழாங்கல் மேடே போதும், வீட்டுக்கு வரமாட்டான்! பறவைகள் அங்கே கல்லோடு கல்லாக முட்டையிடும்; தடைப்பலகை இருந்தால் வேறு மேட்டுக்குப் போங்கள். ஆற்றில் மட்டும் இறக்காதீர்கள். கோடையிலும் தண்ணீர் ஐஸ், இழுப்பும் அதிகம்.