எரிகோவில் வெட்டச் சொன்னவரும் மறுகன்னம் காட்டச் சொன்னவரும் ஒருவரா?

கேள்வி: என் மகன் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அடுத்த ஆண்டு தேசிய சேவை. சபையின் இளையர் குழுவில் வேதாகமத்தை வரிசையாக வாசித்து வருகிறார்கள். இஸ்ரவேலர் எரிகோ நகரைப் பிடித்து அழிக்கும் யோசுவா 6ஆம் அதிகாரம் வந்ததிலிருந்து ஒரே கேள்விதான். "சின்னவர், கிழவர் என்று பாராமல் எரிகோவில் வெட்டச் சொன்னவரும், மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவரும் ஒரே கடவுளாம்மா? அப்போ நான் துப்பாக்கி தூக்கலாமா, கூடாதா?" "அது பழைய ஏற்பாடுப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். விடமாட்டேன் என்கிறான். என்ன சொல்வது?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: உங்கள் மகன் விடாதது நல்லது சகோதரி. "அது பழைய ஏற்பாடு" என்ற பதிலை இரண்டாம் நூற்றாண்டிலேயே மார்சியன் என்பவர் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்த்தார். பழைய ஏற்பாட்டின் கடவுளே வேறு என்றார். ரோமச் சபை 144ஆம் ஆண்டு வாக்கில் அவரை விலக்கிவைத்தது. அந்தப் பதில் வாசிப்பிலும் நிற்காது. சிறைப்பட்ட சீரியப் படைக்கு விருந்து வைத்து வீட்டுக்கு அனுப்பிய எலிசாவின் கதை பழைய ஏற்பாட்டில்தான் இருக்கிறது (2 இராஜாக்கள் 6). குதிரைகளின் கடிவாளம் வரை இரத்தம் பெருகும் காட்சி புதிய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகத்தில் வருகிறது.

அதனால் யோசுவாவைத் தாண்டிப் போகாமல், அவனோடு உட்கார்ந்து அதையே வாசியுங்கள். கானான் தேசம் முழுவதையும் பிடித்தாயிற்று என்று 11ஆம் அதிகாரம் முடிகிறது. 13ஆம் அதிகாரத்தின் முதல் வசனமோ, பிடிக்கவேண்டிய தேசம் இன்னும் மிகுதி என்கிறது. அடுத்த புத்தகமான நியாயாதிபதிகளைத் திறந்தால், துரத்தப்படாத கானானியர் ஊர் ஊராக வாழ்கிறார்கள். அக்கால அரசர்கள் வெற்றியை எழுதிய நடையே இப்படித்தான். மோவாப் அரசன் மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் வெட்டிவைத்த கல்வெட்டு 1868இல் கிடைத்தது, இப்போது பாரிஸில் இருக்கிறது. நேபோ ஊரில் 7000 பேரைத் தன் தெய்வத்துக்கென்று கொன்றதாகவும், இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோனதாகவும் அதில் அவன் பெருமையடிக்கிறான். இஸ்ரவேல் அழியவில்லை. அரசர் புகழைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தி படித்த தமிழருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எரிகோவின் மதில் எந்த நூற்றாண்டில் விழுந்தது என்ற அகழாய்வுச் சண்டைக்குள் மட்டும் போகவேண்டாம். பையன் கேட்பது அதுவல்ல.

சரி, மிகைப்படுத்தி எழுதினார்கள் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீராது. கட்டளை ஏட்டில் அப்படியேதான் இருக்கிறது. 1 சாமுவேல் 15இல் பால்குடிக்கும் பிள்ளைகளையும் கொல் என்று வருகிறது. மூன்றாம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஓரிகன் இதை நேரடிப் பொருளில் எடுக்க மறுத்தார். அந்தப் போர்கள் நமக்குள் இருக்கும் பாவத்தோடு நடப்பவை. அப்படி இல்லையென்றால், சமாதானத்தைக் கற்பிக்க வந்தவரின் சீடர்கள் இந்தப் புத்தகங்களைச் சபைகளில் வாசிக்கக் கொடுத்திருக்கவே மாட்டார்கள் என்றார். பக்திக்கு அது உதவும். ஆனால் எரிகோவில் செத்த குழந்தையைப் பற்றிக் கேட்பவனுக்கு அது போதாது என்பது என் எண்ணம்.

நான் வகுப்பில் வேறொன்றைக் காட்டுவேன். வேதாகமம் வன்முறையைப் பற்றித் தனக்குள்ளேயே வழக்காடுகிறது. இஸ்ரவேலின் அரசனான யெகூ, முந்தைய அரசன் ஆகாபின் குடும்பத்தையே வெட்டிச் சாய்த்ததை 2 இராஜாக்கள் 10 மெச்சுகிறது. யெஸ்ரயேலில் சிந்திய அதே இரத்தத்துக்காக யெகூவின் வம்சத்தைத் தண்டிப்பேன் என்கிறது ஓசியாவின் முதல் அதிகாரம். எரிகோவுக்குச் சற்று முன், உருவின வாளோடு நிற்பவரைப் பார்த்து யோசுவா "நீர் எங்கள் பக்கமா, எதிரிகள் பக்கமா?" என்று கேட்கிறான். "அல்ல" என்றுதான் பதில் வருகிறது. எரிகோவில் தப்பிய கானானியப் பெண் ராகாபை மத்தேயு இயேசுவின் வம்சவரலாற்றிலேயே சேர்க்கிறார். மாற்கு சீரோபேனிக்கியப் பெண் என்று எழுதியவளை அவர் "கானானிய ஸ்திரீ" என்கிறார். இயேசுவின் காலத்தில் கானானியர் என்பது பெரும்பாலும் வழக்கொழிந்த பழைய பெயர். யோசுவாவை நினைத்துக்கொண்டே மத்தேயு அப்படி எழுதியிருக்கவேண்டும். அந்தப் பெண் கேட்டது அவளுக்குக் கிடைத்தது.

இந்த வழக்கில் இயேசு எந்தப் பக்கம் என்பதற்கு லூக்கா 9 போதும். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எலியாவைப்போல வானத்திலிருந்து அக்கினியை இறக்கிச் சமாரியரின் கிராமத்தை அழிக்கட்டுமா என்று சீடர்கள் யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். வேத ஆதாரத்தோடுதான் கேட்கிறார்கள்! அவர் அவர்களை அதட்டிவிட்டு வேறு ஊருக்குப் போகிறார். யோசுவாவை வாசிக்கவும் கிறிஸ்தவனுக்கு அதுதான் அளவுகோல்.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். மனசாட்சியைக் காரணம் காட்டித் தேசிய சேவையிலிருந்து விலக்குப் பெற இங்கே சிங்கப்பூரில் சட்டத்தில் வழியில்லை. யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் பதிவு 1972இல் ரத்தானதும் அவர்கள் இந்தச் சேவையை மறுத்ததால்தான். அதனால் உங்கள் மகன் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் சபைகள் இதில் ஒரே குரலில் பேசியதில்லை என்பது அவனுக்குத் தெரியட்டும். பேதுருவின் வாளைப் பிடுங்கியபோதே கர்த்தர் எல்லாப் போர்ச்சேவகரின் ஆயுதத்தையும் பிடுங்கிவிட்டார் என்றார் ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன். அப்பாவிகளைக் காக்க அரசு நடத்தும் போரில் சேரலாம், வெறுப்பும் பழிவெறியும் கூடாது என்றார் பின்னாளில் ஆயர் அகஸ்டின். மெனோனைட் சபையார் முன்னவர் வழி. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், கத்தோலிக்க சபைகள் பெரும்பாலும் பின்னவர் வழி. யோவான்ஸ்நானனிடம் "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்ட சேவகர்களுக்கு, வேலையை விடு என்ற பதில் வரவில்லை. ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே, சம்பளம் போதும் என்றிரு என்றுதான் வந்தது. அதை வைத்துக்கொண்டு எல்லாப் போரையும் நியாயப்படுத்த முடியாது. சீருடை போட்ட பிறகும் ஒருவன் தன் மனசாட்சிக்குப் பதில் சொல்லியாகவேண்டும் என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். எதிரி என்று சொல்லப்படுபவனை வெறுக்கப் பழகாமல் இருப்பதை முகாமிலும் செய்யலாம்.

போதகர் ஐயாவிடமும் அவனை அழைத்துப் போங்கள். "இதெல்லாம் கேட்கக்கூடாது தம்பி" என்று யாராவது சொன்னால், ஆதியாகமம் 18ஐ எடுத்து நீட்டச் சொல்லுங்கள். சோதோமுக்காக ஆபிரகாம் கடவுளிடமே "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டு, ஐம்பதிலிருந்து பத்துவரை பேரம் பேசுகிறார். கடவுள் கோபித்துக்கொள்ளவில்லை.