சுத்தியலைக் கீழே வைத்தவர்

கேள்வி: பாறையேற்றத்தில் ராயல் ராபின்ஸை முன்னோடி என்கிறார்களே, அப்படி என்ன சாதித்தார்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையின் வடமேற்கு முகம் சுமார் 600 மீட்டர் செங்குத்து. 1957-இல், 22 வயதில், ஜெர்ரி கால்வாஸ், மைக் ஷெரிக் இருவருடன் ஐந்து நாளில் அதை முதன்முதலாக ஏறினார். 1968-இல் அதே பள்ளத்தாக்கின் எல் கேப்பிட்டான் பாறையைத் தனியாளாக ஏறிய முதல் மனிதரும் அவர்தான். இவற்றைவிட நாங்கள் பெரிதாக மதிப்பது, 1967-இல் மனைவி லிஸ்ஸுடன் ஏறிய ‘நட்கிராக்கர்’ என்ற சின்ன வழியை. ஒரு ஆணிகூட அடிக்காமல், விரிசலில் செருகும் ‘நட்’ என்ற உலோகத் துண்டுகளில் மட்டும் கயிற்றை மாட்டி ஏறினார்கள்.

கேள்வி: ஆணி அடித்தால் பாறைக்கு என்ன? ‘நட்’ மட்டும் எப்படித் தாங்கும்? (வாசகர், சேலம்)

பதில்: பிட்டான் என்ற எஃகு ஆணியை முதலில் ஏறுபவர் விரிசலில் அடித்து இறக்குவார். பின்னால் வருபவர் இடமும் வலமுமாகத் தட்டித் தட்டிப் பிடுங்குவார். ஒவ்வொரு தட்டுக்கும் விரிசலின் விளிம்பு கொஞ்சம் உதிரும். கருங்கல்தான், ஆனாலும் ஆண்டுக்கணக்கில் அடித்துப் பிடுங்கியதில், தகடு மட்டுமே நுழைந்த விரிசல்களில் விரல் நுழையும் குழிகள் விழுந்துவிட்டன. அவை இனி ஆறாது.

பிரிட்டன் ஏறுநர்கள் இயந்திர நட்டின் உட்புரியை ராவிவிட்டு, துளையில் கயிறு கோத்துப் பயன்படுத்தினார்கள். அதைப் பார்த்த ராபின்ஸ் அமெரிக்காவில் பரப்பினார். மேலே அகன்று கீழே குறுகும் விரிசல்தான் நட்டுக்கு ஏற்ற இடம். அகன்ற பக்கம் நுழைத்துக் கீழே இறக்கி, வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தால் குறுகலில் இறுகிக்கொள்ளும். இரு பக்கமும் பாறையோடு நன்றாகப் படிய வேண்டும். ஓரம் மட்டும் தொட்டால் சுழன்று கழன்றுவிடும். பக்கத்துப் பாறையைத் தட்டிப் பாருங்கள், பொள்ளலாக ஒலித்தால் அங்கே வைக்காதீர்கள். நன்றாக இறுகிய நட்டையும் கயிற்றின் ஆட்டம் மேலே தூக்கிவிடும். பலர் தவறுவது இங்கேதான். நட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே 60 செ.மீ. ஸ்லிங் (நாடா வளையம்) மாட்டினால் ஆட்டம் பெருமளவு அதிலேயே அடங்கும். ஏறி முடித்ததும் மேலே தள்ளி உருவிவிடலாம். பாறையில் வடு இருக்காது.

கேள்வி: அடுத்தவர் அடித்த போல்ட்டுகளை அவர் வெட்டி எறிந்தது உண்மையா? (வாசகர், திருச்சி)

பதில்: உண்மைதான். 1970-இல் வாரன் ஹார்டிங்கும் டீன் கால்ட்வெல்லும் எல் கேப்பிட்டானில் 27 நாள் தங்கி, பாறையைத் துளைத்து நூற்றுக்கணக்கில் போல்ட்டும் ரிவெட்டும் அடித்துப் புது வழி ஏறினார்கள். மறு ஆண்டு ராபின்ஸ் டான் லாரியாவோடு அதே வழியில் ஏறி, எதிர்ப்பட்டவற்றை உளியால் வெட்டிக்கொண்டே போனார். சில கயிறு நீளம் ஏறியதும் வெட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் எண்ணியதைவிட அந்த ஏற்றம் கடினமாகவும் தரமாகவும் இருந்தது. மீதியை உளியைத் தொடாமலே ஏறி முடித்தார்.