அரை ஏக்கர் குட்டையில் மீன் வளர்த்தால் கட்டுபடியாகுமா?

சொந்த நிலத்தில் குட்டை வெட்டும் யோசனையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டுபடியாகும். ஆனால் மீனை யாரிடம், எப்படி விற்கிறீர்கள் என்பதில்தான் லாபமே இருக்கிறது.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். கட்லா, ரோகு, மிர்கால், கொஞ்சம் புல்கெண்டை விடுகிறேன். கட்லா மேலே மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். அதனால் இரைக்குப் போட்டி குறைவு. அரை ஏக்கருக்கு 2,000 குஞ்சு போதும். விரல் நீளக் குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். பொடிக்குஞ்சு மலிவு, ஆனால் தவளையும் பாம்பும் தின்றது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். தவிடு, கடலைப் புண்ணாக்கு என்று செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போய்விடும். புல்கெண்டைக்கு வரப்புப் புல்லை அறுத்துப் போட்டால் அதில் கொஞ்சம் மிச்சமாகும்.

முதல் அறுவடையில் வியாபாரி ஒருவர் வந்து மொத்தமாக வலை இழுத்தார். ஈரத்துக்கு என்று எடையில் கழித்தார், கிலோவுக்குக் குறைந்த மீனைத் தனியாகப் பிரித்துப் பாதி விலை போட்டார். தராசும் அவருடையது, கணக்கும் அவருடையது. பல மாதம் தீனி போட்டு வளர்த்தவனுக்குப் பேச வாய் இல்லை. என் மனைவிதான், "கரையிலேயே வித்தா என்னங்க?" என்று கேட்டாள்.

இப்போது சனிக்கிழமை தீனியை நிறுத்திவிட்டு, வேண்டிய அளவுக்கு மட்டும் பிடித்து, போர் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் இரவு முழுக்க விடுகிறோம். வயிறு காலியாகிவிடும், சேற்று வாடையும் குறையும். ஞாயிறு காலையில் துள்ளுகிற மீனை எடை போட்டுக் கொடுக்கிறோம். செதில் உரசி வெட்டித் தர தனிக் காசு. "அக்கா, கட்லா தலை எனக்கு" என்று முன்கூட்டியே போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மீன் குறையக் குறைய குட்டையில் இருப்பதும் நன்றாகப் பருக்கிறது.

தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் வைத்து டன் கணக்கில் எடுப்பவர்கள் இதைச் சில்லறை வியாபாரம் என்பார்கள். இருக்கட்டும், நான் சொல்வது அரை ஏக்கர்க்காரருக்கு. வானம் மூடாக்கு போட்ட நாளுக்கு மறுநாள் விடியற்காலை மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தால் தண்ணீரில் காற்று போதவில்லை என்று அர்த்தம்; உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் விடுங்கள், அன்றைக்குத் தீனியே வேண்டாம்.

2020-இல் மீன் வளர்ப்புக்கென்று வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மானியம் 40 சதவீதம் என்று வைத்தார்கள். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60. விவசாயக் கடன் அட்டை மீன் வளர்ப்புக்கும் உண்டு என்று 2018-19லேயே அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் நான் போன வங்கியில் குட்டையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, "நகை இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். நெல்லுக்குக் கொடுக்கிறவர்கள் மீனுக்கு மட்டும் ஏன் தாலிக்கொடியைப் பார்க்கிறார்கள்? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, இன்னும் வெட்டவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு உங்கள் ஊரார் எங்கே போகிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அப்புறம் ஜேசிபியைக் கூப்பிடலாம்.