டாக்டர் சங்கம்: யாருக்கு என்ன அதிகாரம்?

கே: தவறான சிகிச்சை தந்த டாக்டர் மீது ஐ.எம்.ஏ.வில் புகார் கொடுத்தால் லைசென்ஸ் ரத்தாகுமா?

ப: ஆகாது. 1928-ல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய மருத்துவ சங்கம் (ஐ.எம்.ஏ.), டாக்டர்கள் விரும்பிச் சேரும் சங்கம். ஊர்க் கிளை, மாநிலக் கிளை, டெல்லி தலைமையகம் என்று அடுக்கடுக்காக இயங்குகிறது. உறுப்பினரை நீக்கலாம், அவர் டாக்டராகத் தொழில் செய்வதற்கான பதிவில் கைவைக்க முடியாது. அது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் வேலை. புகாரை எழுத்தில் அங்கே கொடுங்கள்.

அதற்கு முன் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவேடு) நகலை மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள். உங்கள் கடித நகலில் தேதியோடு சீல் வாங்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ‘கேட்கவே இல்லை’ என்று சொல்லிவிடலாம். நஷ்டஈடு கவுன்சிலில் கிடைக்காது, நுகர்வோர் ஆணையம்தான். டாக்டர்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று ஐ.எம்.ஏ.வே உச்ச நீதிமன்றம் வரை போனது; கட்டணம் வாங்கும் சிகிச்சை வரும் என்று 1995-ல் தீர்ப்பானது.

கே: எங்கள் மாவட்ட சிறப்பு மருத்துவர் சங்கத்தில் தேர்தல் முடிந்தது. பழைய செயலாளர் ‘செல்லாது’ என்று செக் புக்கைத் தர மறுக்கிறார். பதிவாளரிடம் போனால் தீருமா?

ப: முழுதாகத் தீராது. 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளர் சங்கத்தின் நடப்பை விசாரிக்கலாம். ஜெயித்தது யார் என்ற தகராறு சிவில் கோர்ட்டுக்குத்தான் போகும். ஆகவே உங்கள் காகிதங்களைப் பாருங்கள்.

சங்கங்கள் பெரும்பாலும் வழுக்குவது நோட்டீஸில். சங்க விதியில் ‘தபாலில்’ என்று இருக்க, வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு விட்டிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். அடுத்தது வாக்காளர் பட்டியல். சந்தா பாக்கிக்காரர்கள் ஓட்டுப் போடலாமா, எந்தத் தேதிவரை கட்டியவர் சேர்த்தி என்பதை வேட்புமனுவுக்கு முன்பே ஒட்டியிருக்க வேண்டும். வந்தவர்களின் கையெழுத்து தீர்மானப் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். தனித்தாளில் வாங்கிப் பிறகு ஒட்டினால் சந்தேகம் வரும்.

இவை சரி என்றால் தாமதிக்காமல், செயற்குழு மாறியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7-ஐ மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்யுங்கள். வங்கி பெரும்பாலும் கேட்பது பதிவாளர் அலுவலகச் சான்று பெற்ற அதன் நகலை. கூட்டத்தில் ஜெயித்துவிட்டு இதைக் கிடப்பில் போடுவதுதான் டாக்டர்களின் வழக்கமான பிழை.

செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. இந்தச் சண்டையை வைத்து விதியைத் திருத்த நினைத்தால் 21 நாள் நோட்டீஸும், வந்திருக்கும் வாக்குரிமை உள்ளோரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் தேவை.

கே: மாநாட்டுச் செலவை மருந்து கம்பெனி தரலாமா?

ப: டாக்டர் தனியாகப் பரிசோ பயணச் செலவோ வாங்குவதை 2002 விதிகளின் 6.8-ம் பிரிவு தடுக்கிறது. அதே பிரிவில் இருந்த ‘டாக்டர்களின் தொழில்முறைச் சங்கங்கள்’ என்ற சொற்களை 2016-ல் எடுத்துவிட்டார்கள்; ஆகவே அந்தத் தடை சங்கத்துக்கு இல்லை. எங்கள் பார்வையில் அது வசதியான ஓட்டை. ஸ்டால் வாடகை வாங்கினால் சங்கக் கணக்கில் காசோலையாக வாங்கி ரசீது கொடுங்கள். பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு ஜிபே வேண்டவே வேண்டாம். ஆடிட்டர் கேட்கும்போது அது அவருடைய வருமானமாகத்தான் தெரியும்.