கோவை கார் கண்காட்சியில் அப்பாவின் மாருதி 800: பதற்றத்துக்குப் பதில்

அப்பாவின் மாருதி 800-ஐக் கோவை கார் கண்காட்சியில் நிறுத்தப் பதற்றமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அங்கே நீங்கள் யாரையும் கூப்பிட்டுப் பேச வேண்டியதே இல்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கேட்டால் பதில், இல்லையென்றால் ஒரு புன்சிரிப்பு போதும்.

"பளபளக்கும் வண்டிகளுக்கு நடுவே 1987 மாருதியை நிறுத்தினால் சிரிப்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பை விட, பதில் தெரியாமல் நின்றுவிடுவோமோ என்பதுதான் உங்களை உலுக்குகிறது என்று நினைக்கிறேன். பெரும்பாலும் கேட்பது இவ்வளவுதான்: எந்த வருடம், முதல் கை வண்டியா, கம்பெனி பெயின்ட்டா, பாகங்கள் எங்கே கிடைக்கின்றன. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், 1986-இல் வந்த இரண்டாவது வடிவம். இவற்றோடு அப்பா வண்டி வாங்கிய கதையையும் ஓர் அட்டையில் எழுதிக் கண்ணாடிக்குள் வையுங்கள். பலர் அதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டு 800 பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். நீங்கள் காது கொடுத்தால் போதும்.

அதற்கு முன் ஒரு ஞாயிறு மாலை கொழிஞ்சாம்பாறை டீக்கடை முன்னால் பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். எந்தக் கேள்வியில் தடுமாறினீர்களோ அதை மட்டும் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீறல் இருந்தால் இருக்கட்டும். அவசரமாக டச்-அப் அடித்தால்தான் அசிங்கம். வேக்ஸை முதல் நாளே நிழலில் போடுங்கள். சூடான பாடியில் போட்டால் காய்ந்து திட்டாக நிற்கும்.

அப்புறம், கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்கு ஓட்டிப்போவதால் ஆர்சியை (பதிவுச் சான்றிதழை) பாருங்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம்தான், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது முடிந்திருந்தால் வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.