வாசகர் கேள்வி பதில்: ரவுண்டானாவின் வடிவமைப்பு

கேள்வி: எங்கள் ஊர் நாற்சந்தியில் ரவுண்டானா அமைக்கக் கோரி மனு எழுதுகிறோம். நடுத்திட்டு பெரிதாக இருந்தால்தான் வண்டிகள் வேகத்தைக் குறைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ரோஸ் பெல்

பதில்: உண்மையில்லை. வேகத்தை அடக்குவது திட்டின் அளவு அன்று. வண்டி உள்ளே நுழையும்போது எவ்வளவு வளைந்தாக வேண்டியிருக்கிறது என்பதே.

பெரிய வட்டமே நல்லது என்ற எண்ணம் பழைய வழக்கத்திலிருந்து வந்தது. வட்டத்துக்குள் சுற்றிவரும் வண்டிக்கே முதலுரிமை என்ற விதியை 1966-இல் பிரிட்டன் கொண்டுவருவதற்கு முன், நுழையும் வண்டிகளும் வெளியேறும் வண்டிகளும் ஓடிக்கொண்டே ஒன்றையொன்று ஊடுருவித் தடம் மாற வேண்டியிருந்ததால், அதற்குத் தேவையான நீளத்துக்காக வட்டங்களைப் பெரிதாக அமைத்தார்கள். இப்போது நுழைபவர் கோட்டருகே வேகம் தணிந்து, வலப்புறம் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் நுழைகிறார். அந்த நீளம் தேவையில்லை.

வரைபடத்தைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. சாலையில் வேறு வண்டியே இல்லை, தடக்கோடுகளையும் ஓட்டுநர் மதிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, ஒரு கார் ரவுண்டானாவை எவ்வளவு நேராகக் கடக்க முடியுமோ அந்தப் பாதையை வரைந்து, நுழைவிடத்தில் அதன் வளைவு ஆரத்தை அளக்க வேண்டும். பிரிட்டிஷ் நெறிமுறைப்படி அந்த ஆரம் 100 மீட்டருக்கு மேற்படக்கூடாது. நகர்ப்புறச் சிறு ரவுண்டானாவில் 70 மீட்டர். 100 மீட்டர் ஆரத்தில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல முடிகிறது என்றால், டயரின் பிடிப்பு மாறாத நிலையில், 25 மீட்டர் ஆரத்தில் அது 25 ஆகக் குறையும்.

இந்த வளைவு கிடைக்க, வந்துசேரும் சாலையின் நடுக்கோடு வட்டத்தின் மையத்தை நோக்கி வர வேண்டும். மொரீஷியசில் நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், நடுக்கோடு மையத்துக்கு இடப்புறமாக விலகிவிட்டால், நடுத்திட்டு எத்தனை பெரிதாயினும் வண்டி திட்டின் ஓரமாக நேரே பாய்ந்துவிடும். (அண்டைத் தீவான ரியூனியனில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அங்குள்ள நல்ல வரைபடத்தை எடுத்தாள நினைப்பவர் அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றியே கொள்ள வேண்டும்.) ஆகவே மனுவில் திட்டின் விட்டத்தைக் கேட்காமல், ஒவ்வொரு சாலைக்கும் மேலே சொன்ன மிக நேரான பாதையை வரைந்து காட்டும்படி கேளுங்கள்.

கேள்வி: சிறிய வட்டத்தில் கரும்பு லாரிகள் எப்படித் திரும்பும்? சுற்றுப்பாதையை அகலப்படுத்தச் சொல்லலாமா?
– வாசகி, ஃபிளாக்

பதில்: வேண்டாம். நீண்ட லாரி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உட்புறமாக ஒதுங்கி வருகின்றன என்பதால் அதற்கு அகலம் தேவைதான். ஆனால் அந்த அகலத்தைச் சுற்றுப்பாதையிலேயே கொடுத்தால், லாரி இல்லாத நேரத்தில் கார்கள் அதைப் பயன்படுத்தி வளையாமல் விரையும். மேலே சொன்ன பயன் முழுவதும் போய்விடும். மாறாக, நடுத்திட்டைச் சுற்றிச் சற்றே உயர்ந்த, சொரசொரப்பான கல் பாவிய வளையம் ஒன்றை அமைப்பார்கள். லாரியின் பின்சக்கரம் அதன்மேல் ஏறிச் செல்லும். கார் ஓட்டுநர் அதிர்வுக்கு அஞ்சி ஒதுங்குவார். பிரிட்டிஷ் நெறிமுறையில் இத்தகைய சாதாரண ரவுண்டானாவின் வெளிவிட்டம் குறைந்தது 28 மீட்டர்.

மழைநீர் வடிய, சுற்றுப்பாதையைப் பெரும்பாலும் வெளிப்புறமாகச் சரிப்பார்கள். நூற்றுக்கு 2 முதல் 2.5 வரையிலான சரிவு போதும். உயரமாகக் கரும்பு ஏற்றிய லாரி வளைவில் வெளிப்புறமாகவே சாயும் ஆதலால், அறுவடைக் காலத்தில் லாரிகள் ஓடும் சாலையில் அதற்குமேல் சரிவு வைக்க ஒருபோதும் இணங்காதீர்கள்.