கிம்பல் நடுங்கினால் குறை யாருடையது?

கல்யாண சீசன் நெருங்குகிறது. அதனால்தானோ என்னவோ, இந்த முறை மும்பை வாசகர்களிடமிருந்து கேமரா கிம்பல் பற்றியே, அதாவது கை ஆடினாலும் கேமரா சாயாமல் மோட்டாரால் நிறுத்திவைக்கும் கைப்பிடி பற்றியே, நிறையக் கேள்விகள். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் கேள்விகள் அடுத்த வாரம் வரும். இன்று கிம்பல் மட்டும்.

கேள்வி: தாராவியில் இருந்து எழுதுகிறேன் சார். கல்யாண வீடியோ எடுப்பதுதான் தொழில். சோனி ஏ7 மார்க் 3 பாடியும் டாம்ரான் 28-75 லென்ஸும் வைத்திருக்கிறேன். 2 கிலோ தாங்கும் என்று போட்டிருந்த கிம்பல் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டி பிரித்த மறுநாளே மாட்டுங்காவில் ஒரு ரிசப்ஷன். மோட்டார் உர்ரென்று சத்தம் போட்டது. படம் முழுக்க மெல்லிய நடுக்கம். நடுவில் இரண்டு தடவை தானாகவே அணைந்துவிட்டது. திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. பீஸில் குறையா, என் கையில் குறையா?

பதில்: நான்கு நாள் தாராளம். ஆனால் இன்று இரவே உட்கார்ந்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுத்தான் பலர் அந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

உங்கள் கேமரா பாடி 650 கிராம், லென்ஸ் 550 கிராம். ஆக 1.2 கிலோ. 2 கிலோ தாங்கும் கிம்பலுக்கு இது பெரிய எடையே இல்லை. ஆனால் ரிசப்ஷன் அன்று கேமரா தலையில் வேறு என்ன இருந்தது? மானிட்டர், எல்.இ.டி. லைட், மைக் ரிசீவர், கேஜ் என்ற உலோகச் சட்டம்? பெட்டியில் போட்டிருக்கும் 2 கிலோ என்பது ஒழுங்காக பேலன்ஸ் செய்த எடைக்கான கணக்கு. கேமராவின் மேலே இருக்கும் ஹாட்-ஷூவில் மானிட்டரை மாட்டினால் எடையின் மையம் மேலே போய்விடும். அப்போது மோட்டார் நடுக்கத்தைத் திருத்துகிற வேலையை விட்டுவிட்டு, கேமரா சாயாமல் தாங்கிப் பிடிக்கிற வேலையைச் செய்ய ஆரம்பிக்கும். நீங்கள் கேட்ட சத்தம், பார்த்த நடுக்கம், தானாக அணைந்தது, மூன்றுக்கும் இது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

எனவே முதலில் கிம்பலை ஆன் செய்யாமல் பேலன்ஸ் பாருங்கள். கேமராவை வேலைக்குப் போகும் கோலத்தில் வையுங்கள்: பேட்டரி, கார்டு உள்ளே, லென்ஸ் மூடி வெளியே, ஃபில்டர் போடுவீர்கள் என்றால் போட்டபடி, கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு. உங்கள் லென்ஸ் ஜூம் செய்தால் முன்னால் நீளும். அதனால் நீங்கள் அதிகம் எடுக்கும் ஜூம் அளவில் வைத்தே பேலன்ஸ் செய்யுங்கள். முதலில் டில்ட், அதாவது மேலும் கீழும் சாய்வது. லென்ஸ் நேராகப் பார்க்கும்போது மூக்கு கீழே விழக்கூடாது. லென்ஸைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டாலும் அப்படியே நிற்க வேண்டும். நிறையப் பேர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள், நடுக்கம் வருவது இந்த இரண்டாவது பாதியை விட்டதால்தான். அடுத்து ரோல், கேமரா இடமோ வலமோ சரியக் கூடாது. கடைசியாக பேன், அதாவது பக்கவாட்டில் சுழல்வது. கைப்பிடியை நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள், கேமராவைத் தாங்கும் கிம்பலின் கை தானாகச் சுழன்று கீழே வந்தால் பேலன்ஸ் இல்லை என்று அர்த்தம். மூன்றும் நின்ற பிறகு ஆன் செய்து, எடைக்கு ஏற்ப மோட்டார் வலுவைக் கிம்பலே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டியூனை ஓட்டுங்கள். மோட்டார் வலுவைக் கையால் கூட்டி வைத்திருந்தால் குறையுங்கள். லேசான கேமராவுக்கு வலு அதிகமானாலும் உர்ரென்று அதிரும்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டும் கேமராவின் வேலை, பழி மட்டும் கிம்பல் மேல் விழும். உங்கள் கேமரா பாடிக்குள்ளேயே ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெடிஷாட் வசதி இருக்கிறது. கிம்பலும் அதுவும் ஒரே அசைவைத் தனித்தனியாகத் திருத்தப் பார்க்கும்போது, வைட் லென்ஸில் படத்தின் ஓரங்கள் தண்ணீர் போல நெளியும். அதை அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அடுத்தது ஷட்டர் வேகம். நொடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும்போது 1/50 நொடி வையுங்கள். வெளிச்சம் அதிகம் என்று 1/500-க்கு ஏற்றினால் அசைவெல்லாம் வெட்டி வெட்டித் தெரியும், அதைப் பலர் நடுக்கம் என்று நினைக்கிறார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப விளக்குகளின் சிமிட்டலும் 1/50-ல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இவ்வளவும் செய்தும் நடுங்குகிறதா? இப்போது பீஸைச் சந்தேகிக்கலாம். மானிட்டர் முதலிய எல்லாவற்றையும் கழற்றுங்கள். நண்பர் யாரிடமாவது 50 எம்.எம். எஃப் 1.8 போன்ற சின்ன லென்ஸ் வாங்கி மாட்டி, புதிதாக பேலன்ஸ் செய்து, கிம்பலை அதன் முக்காலியில் மேஜை மேல் நிறுத்துங்கள். எது சமநிலை என்று கிம்பலுக்குக் காட்டும் சென்சார் காலிபிரேஷனும் சமதளத்தில் ஒரு தடவை செய்துவிடுங்கள். கை படாமல், லேசான எடையோடு, மேஜையில் நிற்கும்போதும் அது நடுங்கினாலோ அணைந்தாலோ குறை பீஸில்தான். சீரியல் நம்பர், ஆஃப் நிலையில் பேலன்ஸ், ஆன் செய்ததும் நடுக்கம், இவை மூன்றையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக ஃபோனில் பிடித்து அன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள். "பேலன்ஸ் செய்யத் தெரியாமல் சொல்கிறீர்கள்" என்று விற்றவர் சொல்ல அந்த வீடியோ இடம் வைக்காது.

ஒரு வேண்டுகோள். பெட்டி பிரித்த மறுநாள் எந்தப் புதுக் கருவியையும் கல்யாணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். தாலி கட்டுவதை யாரும் திரும்பக் கட்டிக் காட்ட மாட்டார்கள். முதல் வேலைகளில் கிம்பலை ஊஞ்சலுக்கும் மண்டப அலங்காரத்துக்கும் வைத்துக்கொண்டு, முகூர்த்தத்தை முக்காலியில் எடுங்கள்.

கேள்வி: பேலன்ஸ் எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன். ஆனாலும் நடந்துகொண்டே எடுத்தால் படம் மேலும் கீழும் குதிக்கிறது. இதற்கா இத்தனை பணம் கொடுத்தேன்? (செம்பூர் வாசகர்)

பதில்: உங்கள் கிம்பல் நன்றாகவே இருக்கிறது. மூன்று மோட்டாரும் கேமராவின் சாய்வையும் திரும்பலையும்தான் திருத்தும். ஒவ்வொரு அடிக்கும் உங்கள் உடம்பே ஏறி இறங்குவதைத் திருத்த அதில் எதுவும் கிடையாது. 1970-களில் அமெரிக்க ஒளிப்பதிவாளர் காரெட் பிரவுன் உருவாக்கிய, கேமராவை ஆடாமல் தாங்கும் ஸ்டெடிகேம் கருவியில் அதற்காகவே, உடம்பில் கட்டும் வெஸ்டோடு ஸ்பிரிங் கை ஒன்று இருந்தது. 2013, 2014 வாக்கில் மோவி, ரோனின் என்று மோட்டார் கிம்பல்கள் வந்தபோது அந்தக் கனமும் நீண்ட பயிற்சியும் போயின, கூடவே ஸ்பிரிங் கையும் போனது. அந்த வேலை இப்போது உங்கள் முழங்கால்களுடையது.

முழங்காலை லேசாக மடித்து, குதிகால் முதலில் பதிந்து மெதுவாக விரல் பக்கம் உருள நடக்க வேண்டும். முழங்கைகள் உடம்பை ஒட்டி இருக்கட்டும். 24 எம்.எம்., 28 எம்.எம். பக்கம் எடுத்தால் குதிப்பு குறைவாகத் தெரியும். 75-க்கு ஜூம் செய்துவிட்டு நடந்தால் எந்தக் கிம்பலும் காப்பாற்றாது. மாடி வராந்தாவில் தினமும் கொஞ்ச நேரம் நடந்து பழகுங்கள். இதற்காக ஸ்பிரிங் கை வைத்த இன்னொரு சாதனம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நீண்ட நேரம் நடந்தே எடுக்கும் வேலை தொடர்ந்து வந்தால் அப்போது யோசிக்கலாம்.

கேள்வி: சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் பக்கம் போரா பஜாரில் ஒரு கிம்பல் விலை கேட்டேன். பில்லோடு 40,000, பில் இல்லாமல் 34,000 என்கிறார் கடைக்காரர். "அதே பீஸ்தான், வாரன்டிக்கு நான் பொறுப்பு" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 40,000-க்குள் இருக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 6,100 ரூபாய். அவர் தன் லாபத்தில் ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்கவில்லை, அரசுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விடுகிறார். அதற்காக நீங்கள் இழப்பதோ வாரன்டி, புகார் செய்யும் வழி, திருட்டுப் போனால் போலீசிடம் காட்ட ஒரு காகிதம், இத்தனையும். ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருப்பவர் என்றால் அந்த 6,100-ஐ வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். பில் கேட்டும் தராமல் இருப்பதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

போரா பஜாரில் நேர்மையான கடைகள் நிறைய இருக்கின்றன. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க மும்பையில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. உங்கள் கேமராவையும் லென்ஸையும் கொண்டுபோங்கள். பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., எந்த நாட்டுத் தயாரிப்பு, இவையெல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளுக்கு இது கட்டாயம். ஸ்டிக்கர் இல்லாதது பெரும்பாலும் பயணப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த சரக்கு, அதை நம் ஊர் சர்வீஸ் சென்டர் தொடாமல் போகலாம். பில்லில் மாடல் பெயரோடு சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். கடையிலேயே பேலன்ஸ் செய்து ஓட்டிப் பாருங்கள். அவசரப்படுத்துகிற கடை என்றால் அடுத்த கடைக்கு நடங்கள், அந்தத் தெருவில் அதற்குப் பஞ்சமில்லை.

கேள்வி: வாங்கி இரண்டு வாரத்தில் ரோல் மோட்டார் செத்துவிட்டது. முறையான பில் இருக்கிறது. "நீங்கள் தொழிலுக்குத்தான் வாங்கினீர்கள், அதனால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்கிறார் விற்றவர். உண்மையா அண்ணா? (சயான் கோலிவாடா வாசகர்)

பதில்: உங்களை மிரட்டப் பார்க்கிறார் தம்பி. வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அதே பிரிவிலேயே விளக்கமும் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவர் இந்த விலக்கில் வர மாட்டார். நீங்களே கேமரா பிடித்து அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறீர்கள் என்றால் நீங்கள் நுகர்வோர்தான். நான்கைந்து பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஒரே நாளில் பல கல்யாணங்களுக்கு அனுப்புகிற நிறுவனம் என்றால் வாதத்துக்கு இடம் உண்டு. புகாரின் முதல் பக்கத்திலேயே இது உங்கள் சுயதொழில், வேறு வருமானம் இல்லை என்று எழுதிவிடுங்கள்.

பில்லில் திருப்பி எடுக்கும் கெடு எதுவும் போடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. உங்களுக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது. இன்றே விற்றவருக்கு ஈமெயிலாகப் புகார் எழுதுங்கள். வாய்ப்பேச்சுக்குப் பதிவு கிடையாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இந்தியோ மராத்தியோ தடுமாறினால் தமிழிலேயே பேசலாம், அந்த வசதி இருக்கிறது. பெரும்பாலான விற்பனையாளர்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: காலேஜில் படிக்கும் என் மகன் யூடியூபுக்காகக் கேமரா கிம்பல் கேட்டு அடம்பிடிக்கிறான். அவனிடம் இருப்பது ஃபோன் மட்டும்தான். வாங்கித் தரட்டுமா? (முலுண்டிலிருந்து ஒரு தாய்)

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. கேமரா கிம்பல் ஃபோனுக்கானது அல்ல. ஃபோனுக்கென்று தனியாகச் சின்னக் கிம்பல் கிடைக்கும், விலையும் குறைவு. அதையும் முதலில் வாடகைக்கு எடுக்கட்டும், அந்தேரி பக்கம் கேமரா வாடகைக் கடைகள் நிறைய இருக்கின்றன. சனி, ஞாயிறு இரண்டு நாள் எடுத்து ஒரு வீடியோவை எடிட் செய்து முடித்து உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் வாங்கிக் கொடுங்கள். இந்த வயதில் முடித்துக் காட்டும் பிள்ளைக்குச் செலவழிப்பது வீண் போகாது.

கேள்வி: கணபதி விசர்ஜன ஊர்வலத்துக்குக் கிம்பல் கொண்டுபோகலாமா?

பதில்: அந்த ஊர்வலத்தில் மழையைவிட எனக்குப் பயம் குலால் என்ற வண்ணப் பொடிதான். கிம்பல் மோட்டார்களைச் சுற்றி மெல்லிய இடைவெளி உண்டு. ஈரக் காற்றில் அந்தப் பொடி உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் மோட்டார் தடவித் தடவித் திரும்பும். சாதாரணக் கிம்பல்களுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பும் கிடையாது, நீர் புகுந்தால் வாரன்டியும் உதவாது. அசையும் கைகளில் பிளாஸ்டிக் சுற்றினால் பேலன்ஸ் கெடும். பொடி வீசும் இடத்தில் கேமராவைக் கையில் பிடித்து எடுங்கள். கிம்பலைப் பந்தலிலும் ஆரத்தியின்போதும் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த பிரஷால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வையுங்கள். ஊதுகுழலால் வேகமாக ஊதாதீர்கள், பொடி இன்னும் உள்ளேதான் போகும்.